ஒரே ஆசிரியரின் இரு நூல்கள்

பூமி சுற்றுகிறது என்று சொன்னதற்காகக் கலிலியோவைத் திருச்சபை தண்டித்தது என்பது பள்ளி மாணவர் அனைவரும் அறிந்த செய்தி. "மதம் அறிவியலை எதிர்த்தது; இறுதியில் அறிவியல் வென்றது" என்று இரண்டே வரிகளில் இந்த வரலாற்றை முடித்துவிடுவது வழக்கம். ஆனால் அந்நாளில் எழுதப்பட்ட கடிதங்களையும் தீர்ப்புகளையும் ஊன்றிப் படிப்போருக்கு வேறொரு செய்தி புலப்படும். அன்று மோதிக்கொண்ட இரு தரப்பினருமே கடவுள் நம்பிக்கை உடையவர்கள். இரு தரப்பினருமே பைபிளை இறைவாக்கு என ஏற்றவர்கள். அவர்களிடையே எழுந்த வழக்கு, கடவுள் உண்டா இல்லையா என்பதன்று. கடவுள் வெளிப்படுத்தியதை மனிதன் எவ்வாறு புரிந்துகொள்வது என்பதே வழக்கு.

கிறிஸ்தவச் சிந்தனையில் "இறைவெளிப்பாடு" என்ற சொல்லுக்குத் தனிப்பொருள் உண்டு. மனிதன் தன் முயற்சியால் மட்டும் அறிய இயலாதவற்றைக் கடவுளே முன்வந்து அறிவித்தார்; அந்த அறிவிப்பு திருமறையில் பதிவாகியுள்ளது என்பது அதன் சாரம். அதே சமயம், காணும் உலகமும் அவருடைய படைப்பே. எனவே இயற்கையும் அவர் எழுதிய மற்றொரு நூல் போன்றது என்னும் உவமை பண்டைக் காலந்தொட்டே வழங்கி வந்தது. ஒரே ஆசிரியர் எழுதிய இரு நூல்கள் ஒன்றுக்கொன்று முரண்பட முடியாது. முரண்படுவதுபோல் தோன்றினால், படிப்பவர் எங்கோ தவறு செய்கிறார் என்றே கொள்ள வேண்டும். எந்த நூலைப் படிப்பதில் தவறு? அதை எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்வியின் வரலாறு ஏறத்தாழ 1,500 ஆண்டுகள் நீண்டது. இயற்பியல் படிக்கும் மாணவர்கள் இதில் கற்க வேண்டியது நிறைய உண்டு. ஏனெனில் "நிரூபணம் என்பது எது?" என்ற கேள்வியும் இதனுள்ளேயே அடங்கியிருக்கிறது.

கிரகணம் கற்பித்த பாடம்

அகஸ்டின் (354–430) வட ஆப்பிரிக்காவில் பிறந்தவர். இன்று அல்ஜீரியா நாட்டில் அன்னாபா என்று வழங்கும் ஊரின் அருகிலிருந்த ஹிப்போ நகரின் ஆயராக விளங்கியவர். இளமையில் அவர், மானி என்பவர் தோற்றுவித்த சமயத்தைச் சுமார் 9 ஆண்டுகள் பின்பற்றினார். அச்சமய நூல்களில் ஞாயிறு, திங்கள், விண்மீன்கள் பற்றி விரிவான விளக்கங்கள் இருந்தன. மறுபுறம் வானநூலாரின் கணக்குகளையும் அகஸ்டின் அறிந்திருந்தார். இன்ன நாளில், இன்ன நேரத்தில் கிரகணம் நிகழும் என்று அவர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கூறினார்கள். கூறியபடியே கிரகணமும் நிகழ்ந்தது. மானியின் நூல்களோ இக்கணக்குகளோடு பொருந்தவில்லை.

அச்சமயத்தின் பேரறிஞரான பாஸ்டஸ் வந்தால் ஐயம் தீரும் என்றார்கள். அவரும் வந்தார். ஆனால் அகஸ்டின் கேட்ட கேள்விகளுக்கு விடையளிக்க அவரால் இயலவில்லை. தமக்கு அவை தெரியா என்று பாஸ்டஸ் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டதை அகஸ்டின் பாராட்டவே செய்கிறார். எனினும் அச்சமயத்தின் மீது அவருக்கிருந்த பற்று அன்றே தளர்ந்துவிட்டது. சரிபார்க்கக்கூடிய செய்திகளில் ஒரு நூல் தவறினால், சரிபார்க்க முடியாத செய்திகளில் அதனை எவர் நம்புவர்?

பின்னாளில் கிறிஸ்தவராகி, ஆயராகவும் ஆன அகஸ்டின், பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்துக்கு ஏறத்தாழ 15 ஆண்டுகள் உழைத்து ஓர் உரை எழுதினார். தம் இளமை அனுபவத்தின் பயனை அவ்வுரையில் இரண்டு எச்சரிக்கைகளாகத் தருகிறார். முதலாவது: பொருள் தெளிவாக விளங்காத இடங்களில் ஒரே ஒரு கருத்தைப் பற்றிக்கொண்டு, "திருமறை இதைத்தான் சொல்கிறது" என்று அவசரப்பட்டு அறுதியிடக் கூடாது. நாளை உண்மை வேறாகத் தெரியவந்தால் அக்கருத்தோடு நாமும் வீழ்வோம். இரண்டாவது: பூமி, வானம், கோள்களின் இயக்கம், கிரகணம் ஆகியவை பற்றிக் கிறிஸ்தவர் அல்லாதாரும் அறிவாலும் அனுபவத்தாலும் உறுதியாக அறிந்திருக்கிறார்கள். அத்தகையோர் முன்னிலையில் திருமறையின் பெயரால் பிழையானவற்றைப் பேசினால், பேசியவரோடு திருமறையும் சேர்ந்தே நகைப்புக்கு உள்ளாகும்.

தொலைநோக்கி தோன்றுவதற்கு 1,200 ஆண்டுகளுக்கு முன்பே இவ்வளவு தெளிவாக இது சொல்லப்பட்டுவிட்டது என்பதை வாசகர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். விதி இல்லாததால் கலிலியோ வழக்கு நேரவில்லை. இருந்த விதியை எங்கே, எப்போது பயன்படுத்துவது என்பதில்தான் சிக்கல்.

அக்குவைனாஸ் வகுத்த பிரிவு

12, 13-ஆம் நூற்றாண்டுகளில் கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் நூல்கள் அரபு மொழி வழியாகவும், நேரே கிரேக்கத்திலிருந்தும் இலத்தீனில் பெயர்க்கப்பட்டன. இபின் ருஷ்து போன்ற அரபு அறிஞர்களின் உரைகளும் உடன் வந்தன. ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் அவை பெரும் கிளர்ச்சியை உண்டாக்கின. உலகத்துக்குத் தொடக்கமே இல்லை என்றார் அரிஸ்டாட்டில். தொடக்கம் உண்டு என்றது திருமறை. எதை ஏற்பது?

தாமஸ் அக்குவைனாஸ் (1225–1274) இதற்கு ஒரு வழி வகுத்தார். சில உண்மைகளை மனித அறிவே ஆராய்ந்து எட்ட முடியும். சில உண்மைகள் அறிவுக்கு எட்டாதவை. வெளிப்பாட்டினால் மட்டுமே தெரியவருபவை. இரண்டுக்கும் மூலம் ஒன்றே ஆதலால் அவை மோத மாட்டா. உலகத்துக்குத் தொடக்கம் உண்டு என்பதைத் தருக்கத்தால் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. அதை நம்பிக்கையால் மட்டுமே ஏற்க முடியும் என்று அவர் துணிந்து கூறினார். நம்பிக்கைக்குரியதை அரைகுறை வாதங்களால் நிரூபிக்க முயல்வது, நம்பாதவர்களின் கேலிக்கே இடமளிக்கும் என்பது அவர் கருத்து.

வானநூலைப் பற்றியும் அவர் கூரிய கருத்தொன்றைச் சொன்னார். கோள்களின் தோற்ற இயக்கத்தை விளக்க வானநூலார் வட்டங்களின் மேல் வட்டங்களாக அமைத்து ஒரு கொள்கை வகுத்துள்ளனர். அது காட்சிகளோடு பொருந்துகிறது. ஆனால் பொருந்துவதாலேயே அது உண்மை என்று ஆகிவிடாது. வேறொரு கொள்கையும் அதே காட்சிகளோடு பொருந்தக்கூடும் அல்லவா? ஒரு கருதுகோளின் விளைவு சரியாக இருப்பதால் மட்டுமே கருதுகோள் நிரூபணமாகாது என்று இன்றும் அறிவியல் மாணவருக்குச் சொல்லித்தருகிறோம். இந்தக் கருத்து 350 ஆண்டுகளுக்குப் பின் ரோம் நகரில் பெரும் பங்கு வகிக்கப்போகிறது.

கோப்பர்நிக்கஸ் எழுப்பிய புயல்

1543-ஆம் ஆண்டில் கோப்பர்நிக்கஸின் நூல் வெளிவந்தது. நடுவில் இருப்பது ஞாயிறு. பூமி தன்னைத்தானே சுற்றிக்கொண்டு ஞாயிற்றையும் சுற்றி வருகிறது என்றது அந்நூல். கோப்பர்நிக்கஸ் கத்தோலிக்கப் பேராலயம் ஒன்றின் நிருவாகப் பணியில் இருந்தவர். நூலை அவர் போப்பாண்டவர் மூன்றாம் பவுலுக்கே காணிக்கையாக்கியிருந்தார். அச்சுப்பணியை மேற்பார்த்த ஆசியாண்டர் என்ற லூத்தரன் போதகர், தம் பெயரைக் குறிப்பிடாமல் ஒரு முன்னுரையைச் சேர்த்தார். இக்கருதுகோள்கள் உண்மையாக இருக்க வேண்டியதில்லை, கணக்குக்கு உதவினால் போதும் என்பது அம்முன்னுரையின் சாரம். புயல் உடனே எழாமைக்கு இதுவும் ஒரு காரணம்.

கருத்தை மெய்யாகவே எடுத்துக்கொண்டால் திருமறையோடு மோதல் தோன்றியது. போர் முடியும் வரை ஞாயிறு நிற்கவேண்டுமென யோசுவா வேண்ட, அது நின்றதாகப் பழைய ஏற்பாடு கூறுகிறது. ஓடிக்கொண்டிருப்பதைத்தானே நிற்கச் சொல்ல முடியும்? பூமி அசையாமல் நிலைநிறுத்தப்பட்டதாகச் சங்கீதத்திலும் வருகிறது.

காலமும் பதற்றமானதாக இருந்தது. லூத்தரின் இயக்கத்தால் மேற்கு ஐரோப்பியத் திருச்சபை பிளவுபட்டிருந்தது. திருமறைக்கு அவரவர் விருப்பப்படி பொருள் சொல்லத் தொடங்கினால் ஒற்றுமை குலையும் என்று கத்தோலிக்கத் தலைவர்கள் அஞ்சினர். நம்பிக்கை, ஒழுக்கம் பற்றிய செய்திகளில் பண்டைத் திருச்சபைத் தந்தையர் ஒருமித்துக் கூறிய பொருளுக்கு மாறாகத் திருமறைக்குப் பொருள் சொல்லக் கூடாது என்று டிரெண்ட் சங்கம் 1546-இல் விதித்தது. பூமியின் இயக்கம் "நம்பிக்கை பற்றிய செய்தி" ஆகுமா? விதியில் இதற்கு விடையில்லை.

மறுதரப்பிலும் நிலைமை வேறாக இல்லை. லூத்தரன் நெறியைச் சேர்ந்த கெப்ளர் 1596-இல் தம் முதல் நூலை வெளியிட்டபோது, திருமறையும் கோப்பர்நிக்கஸ் கொள்கையும் பொருந்தும் என்று காட்டும் பகுதியை நீக்கிவிடும்படி ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தார் கேட்டுக்கொண்டனர். அவர் 1609-இல் வெளியிட்ட "புதிய வானநூல்" என்னும் நூலின் முன்னுரையில் அவ்வாதத்தை மீண்டும் சேர்த்தார். திருமறை மக்களிடம் மக்கள் மொழியில் பேசுகிறது என்பதே அவர் வாதம். பூமி சுற்றுவதை ஐயமற அறிந்த நாமும் "ஞாயிறு எழுந்தது, மறைந்தது" என்றுதான் இன்றும் பேசுகிறோம். அதனால் நாம் பொய் சொல்கிறோம் என்று எவரும் சொல்வதில்லை.

தொலைநோக்கி காட்டியதும் காட்டாததும்

1609-இல் கலிலியோ தொலைநோக்கியை வானத்தை நோக்கித் திருப்பினார். 1610 ஜனவரியில் வியாழனைச் சுற்றும் நான்கு துணைக்கோள்களைக் கண்டார். அவ்வாண்டின் இறுதியில் வெள்ளிக் கோளும் நிலவைப் போல் வளர்பிறை, தேய்பிறை காட்டுவதைக் கண்டார். ரோம் நகரிலிருந்த ஏசு சபைக் கல்லூரியின் வானநூலார் 1611-இல் இக்காட்சிகளை உறுதி செய்து, கலிலியோவுக்குச் சிறப்பும் செய்தனர்.

வெள்ளியின் பிறைகள் ஒன்றை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்தன: வெள்ளி ஞாயிற்றைச் சுற்றுகிறது. பண்டைய தாலமியின் அமைப்பு இதனால் வீழ்ந்தது. அப்படியானால் பூமியும் சுற்றுகிறது என்று ஆகிவிடுமா? ஆகாது. டென்மார்க் நாட்டு டைக்கோ பிராகி (1546–1601) வேறோர் அமைப்பைக் கூறியிருந்தார். மற்றக் கோள்கள் எல்லாம் ஞாயிற்றைச் சுற்றுகின்றன. அவற்றோடு ஞாயிறு பூமியைச் சுற்றுகிறது. பூமி அசையாது என்பது அவர் அமைப்பு. வெள்ளியின் பிறைகள் இதனோடும் அப்படியே பொருந்தின! அக்குவைனாஸ் சொன்ன நிலைமை இதுவே: ஒரே காட்சி, இரு கொள்கைகள்.

டைக்கோவிடம் வலுவான வாதம் ஒன்றும் இருந்தது. ஒரு விரலை முகத்துக்கு நேரே நீட்டி, ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். பிறகு மற்றக் கண்ணை மூடிப் பாருங்கள். பின்னாலுள்ள சுவரோடு ஒப்பிட விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும். ஆய்வுக்கூடத்தில் அளவுகோலைச் சாய்வாகப் பார்த்தால் நேரும் இடமாறு தோற்றப் பிழையும் இதுவே. பூமி ஞாயிற்றைச் சுற்றினால், ஜனவரியிலும் ஜூலையிலும் நாம் வானத்தை இருவேறு இடங்களிலிருந்து பார்க்கிறோம். அருகிலுள்ள விண்மீன்கள் தொலைவிலுள்ளவற்றோடு ஒப்பிட இடம் மாறித் தோன்ற வேண்டும். அக்காலத்தின் மிகச்சிறந்த கருவிகளைக் கொண்டிருந்த டைக்கோ அத்தகைய மாற்றம் எதையும் காணவில்லை. விண்மீன்கள் எண்ணிப் பார்க்க முடியாத தொலைவில் இருக்கின்றன என்பதே சரியான விடை. ஆனால் அன்று அது வெறும் ஊகம்.

இரு கடிதங்கள்

1613 டிசம்பரில் பைசா நகரில், டஸ்கனி நாட்டு இளவரசரின் காலை விருந்தில் இப்பேச்சு எழுந்தது. இளவரசரின் தாயார் கிறிஸ்டினா, பூமி சுற்றுவது திருமறைக்கு மாறாகாதா என்று காஸ்டெல்லியிடம் வினவினார். காஸ்டெல்லி ஒரு பெனடிக்டின் துறவி, கணிதப் பேராசிரியர், கலிலியோவின் மாணவர். இச்செய்தியை அறிந்த கலிலியோ அம்மாதம் 21-ஆம் நாள் காஸ்டெல்லிக்கு ஒரு கடிதம் எழுதினார். 1615-இல் அதை விரிவாக்கிக் கிறிஸ்டினாவுக்கே நீண்ட கடிதமாக எழுதினார்.

அதன் வாதம் இது: திருமறையும் இயற்கையும் ஒரே கடவுளிடமிருந்து வந்தவை. திருமறை தவறாது, ஆனால் அதற்கு உரை கூறுவோர் தவறலாம். திருமறை கேட்போரின் அறிவுக்கேற்ப இறங்கிவந்து பேசுகிறது. இயற்கையோ எவர் பொருட்டும் தன் விதியை மாற்றிக்கொள்வதில்லை. எனவே புலனறிவாலும் உறுதியான நிரூபணத்தாலும் தெளிந்த ஒன்றைத் திருமறை வரிகளைக் காட்டி மறுத்தல் தகாது. மீட்புக்குச் செல்லும் வழியைக் காட்டுவதே திருமறையின் நோக்கம். கோள்கள் செல்லும் வழியைக் காட்டுவதன்று. இக்கருத்தைத் தாம் ஒரு கர்தினாலிடம் கேட்டதாகவே கலிலியோ குறிப்பிடுகிறார். அகஸ்டினின் ஆதியாகம உரையையும் பலமுறை துணைக்கு அழைக்கிறார்.

ஆனால் அக்கடிதத்தில் ஒரு முரண்பாடும் உண்டு. திருமறையில் இயற்பியலைத் தேடக் கூடாது என்று நிறுவிய அவரே, இறுதியில் யோசுவாவின் நிகழ்ச்சி கோப்பர்நிக்கஸ் அமைப்பில்தான் நன்கு பொருந்துகிறது என்று காட்ட முயல்கிறார்!

காஸ்டெல்லிக்கு எழுதிய கடிதத்தின் படியொன்று 1615 பிப்ரவரியில் ரோம் நகரின் விசாரணை மன்றத்துக்கு அனுப்பப்பட்டது. எதிரிகள் தம் கடிதத்தைத் திரித்துவிட்டதாகக் கலிலியோ கூறினார். 2018-இல் லண்டன் ராயல் சொசைட்டி நூலகத்தில் மூலக்கடிதம் கண்டெடுக்கப்பட்டது. கடுமையான சொற்களை அடித்துவிட்டு மென்மையான சொற்களை அதில் எழுதியவர் கலிலியோவே என்று தெரியவந்தது. வந்திருந்த ஆபத்தை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

அதே 1615-இல் பாஸ்கரினி என்ற கார்மேல் சபைத் துறவி, கோப்பர்நிக்கஸ் கொள்கை திருமறைக்கு முரணன்று என்று ஒரு நூல் வெளியிட்டார். ரோமின் தலைசிறந்த இறையியலாரான கர்தினால் பெல்லார்மின் அவருக்கு ஏப்ரல் 12-ஆம் நாள் பதில் எழுதினார். அதில் மூன்று செய்திகள் உள்ளன. கோப்பர்நிக்கஸ் அமைப்பைக் கணக்குக்கான கருதுகோளாகப் பேசினால் எவ்வித இடரும் இல்லை. மெய்யென்று சொன்னால் தந்தையரின் ஒருமித்த கருத்துக்கு மாறாகும். பூமி சுற்றுவது மெய்யாகவே நிரூபிக்கப்பட்டுவிட்டால், அவ்வரிகளை நாம் சரிவரப் புரிந்துகொள்ளவில்லை என்று ஒப்புக்கொண்டு, மிக்க கவனத்துடன் புதுப்பொருள் காண வேண்டியிருக்கும். ஆனால் அப்படியொரு நிரூபணத்தை எவரும் தமக்குக் காட்டவில்லை என்றார் அவர்.

நிரூபணம் கேட்டு, வழியை அடைத்தது

பெல்லார்மினின் கோரிக்கை பொருத்தமற்றதன்று. 1615-இல் உறுதியான நிரூபணம் எவரிடமும் இல்லை. கலிலியோ தம் பெரிய சான்றாக நம்பியது கடல் ஏற்றவற்றம். பூமியின் சுழற்சியும் சுற்றும் சேர்ந்து கடல்நீரைத் தளும்பச் செய்கின்றன என்றார். அவர் கொள்கைப்படி நாளுக்கு ஓர் ஏற்றமே வர வேண்டும். பெரும்பாலான கடற்கரைகளில் இரண்டு வருவதை மாலுமிகள் அறிவர். நிலவின் ஈர்ப்பே காரணம் என்று கெப்ளர் சரியாகச் சொன்னதையோ கலிலியோ ஏற்கவில்லை. ஆக, திருமறையைப் படிப்பது எப்படி என்பதில் கலிலியோவின் வாதம் சிறந்தது. இயற்பியல் நிரூபணத்தில் அவர் கைக்கொண்ட சான்று தவறானது. நிரூபணம் எது என்பதில் கர்தினாலின் எச்சரிக்கை சரியானது. திருமறையிலிருந்து வானநூலை எடுக்கலாம் என்ற அவர் எண்ணம் தவறானது.

இந்நிலையில் இரு தரப்பும் பொறுத்திருந்திருக்கலாம். ஆனால் 1616 பிப்ரவரி 24-இல் விசாரணை மன்றத்தின் 11 ஆலோசகர்கள், ஞாயிறு அசையாமல் நடுவில் நிற்கிறது என்பது தத்துவத்தில் மடமை, திருமறைக்கு நேர் முரண் என்று கருத்துரைத்தனர். இருநாள் கழித்துப் பெல்லார்மின் கலிலியோவை அழைத்து, அக்கொள்கையைக் கைவிடுமாறு எச்சரித்தார். மார்ச் 5-ஆம் நாள் கோப்பர்நிக்கஸின் நூல் திருத்தப்படும் வரை நிறுத்தி வைக்கப்பட்டது. பாஸ்கரினியின் நூல் முற்றிலும் தடை செய்யப்பட்டது.

இவ்வரலாற்றின் பெரும்பிழை இங்கேதான் இருக்கிறது. "நிரூபணம் கொண்டு வா, ஏற்கிறேன்" என்பது நேர்மையான நிபந்தனை. ஆனால் நிரூபணத்தைத் தேடுவதற்குரிய வழியை ஆணையிட்டு மூடிய பிறகு அந்நிபந்தனைக்குப் பொருளே இல்லை. ஒரு கருத்தை மெய்யாக இருக்கலாம் என்று எடுத்துக்கொண்டு, அதன் விளைவுகளை ஒவ்வொன்றாகத் தேடிச் சென்றால் அல்லவா நிரூபணமோ மறுப்போ கிடைக்கும்? அவசரப்பட்டு ஒரே கருத்தோடு திருமறையைப் பிணைக்காதே என்று அகஸ்டின் எச்சரித்தது இத்தகைய வேளைக்கே.

1623-இல் கலிலியோவின் நண்பரான பார்பெரினி, எட்டாம் அர்பன் என்ற பெயரில் போப்பாண்டவரானார். எல்லாம் வல்ல கடவுள், நாம் காணும் விளைவுகளை நம் அறிவுக்கு எட்டாத எத்தனையோ வழிகளில் உண்டாக்கியிருக்கலாம். எனவே எந்தக் கொள்கையையும் மெய் என்று அறுதியிடல் ஆகாது என்பது அவர் விரும்பிய வாதம். 1632-இல் வெளிவந்த "உரையாடல்" நூலில், பழைமைவாதியான சிம்ப்ளிசியோ என்னும் பாத்திரத்தின் வாயில் கலிலியோ அவ்வாதத்தை வைத்தார். அடுத்த ஆண்டு ஜூன் 22-ஆம் நாள், 69 வயதான கலிலியோ ரோமில் மண்டியிட்டுத் தம் கருத்தைத் துறப்பதாக வாசித்தார். 1642-இல் இறக்கும் வரை வீட்டுக்காவலிலேயே இருந்தார்.

அர்பனின் வாதத்தைச் சற்றே எண்ணிப் பாருங்கள். அது எல்லாக் கொள்கைக்கும் எதிராகச் செல்லும். ஆகவே எந்தக் கொள்கையையும் சோதிக்க உதவாது. பெல்லார்மின் கேட்ட நிரூபணத்தை என்றாவது காட்ட முடியும். அர்பனின் வாதத்துக்கு எந்த நிரூபணமும் போதாது.

நிரூபணம் வந்த விதம்

திருச்சபை அறிவியலையே வெறுத்தது என்று முடிவுகட்டுவதும் தவறு. 1655-இல் பொலோனா நகரின் சான் பெட்ரோனியோ ஆலயக் கூரையில் சிறு துளையிட்டு, தரையில் நீண்ட கோடு அமைத்து, ஞாயிற்றின் பிம்பத்தை ஆண்டு முழுவதும் அளந்தார் காசினி. பிம்பத்தின் அளவு மாறிய விதம் கெப்ளரின் கொள்கைக்கு ஆதரவாக இருந்தது. ஆனால் ஆணையோ அப்படியே நின்றது. நியூட்டனின் "பிரின்சிப்பியா"வுக்கு உரை எழுதிய லெ சர், ஜாக்கியே என்ற இரு துறவியர் 1742-இல் வெளிவந்த மூன்றாம் தொகுதியில் ஒரு குறிப்பைச் சேர்க்க நேர்ந்தது. பூமி சுற்றுகிறது என்று கொள்ளாமல் நியூட்டனை விளக்க இயலாது. எனினும் பூமியின் இயக்கத்துக்கு எதிரான ஆணைகளுக்கு நாங்கள் கீழ்ப்படிகிறோம் என்ற பொருளில் அது அமைந்திருந்தது.

இதற்குள் இங்கிலாந்தில் ஒரு சான்று கிடைத்துவிட்டது. மழை நேராகப் பெய்தாலும் ஓடுகிறவர் குடையை முன்புறம் சாய்த்துப் பிடிக்கிறார் அல்லவா? அதுபோல, இயங்கும் பூமியிலிருந்து பார்ப்பவர் விண்மீன் ஒளியைப் பெறத் தொலைநோக்கியைச் சிறிது சாய்க்க வேண்டும். இச்சாய்வு சுமார் 20 விகலை அளவில் ஆண்டு முழுவதும் திசை மாறி வருவதை ஜேம்ஸ் பிராட்லி 1728-இல் கண்டார். பூமி ஓடுவதற்கு இது நேரான சான்று. 1758-இல் வெளியான தடைநூல் பட்டியலிலிருந்து பூமியின் இயக்கம் பற்றிய பொதுத்தடை நீக்கப்பட்டது. பெயர் குறித்துத் தடை செய்த நூல்கள் மட்டும் பட்டியலில் தங்கின.

1791-92 ஆண்டுகளில் குக்லியெல்மினி என்ற இத்தாலியர், பொலோனாவின் அசினெல்லி கோபுரத்துக்குள் சுமார் 78 மீட்டர் உயரத்திலிருந்து குண்டுகளை விழச் செய்தார். பூமி மேற்கிலிருந்து கிழக்கே சுழல்வதால், உச்சியின் வேகம் அடியின் வேகத்தைவிடச் சிறிது மிகுதி. எனவே குண்டு சிறிது கிழக்கே தள்ளி விழ வேண்டும். நியூட்டன் விதிகளின்படி கணக்கிட்டால் அவ்விலகல் ஏறத்தாழ 1 செ.மீ. குண்டுகள் கிழக்கே விலகியே விழுந்தன.

1820-இல் ரோம் பல்கலைக்கழகப் பேராசிரியர் செட்டலே, பூமியின் சுழற்சியை உண்மையெனக் கூறும் பாடநூலை அச்சிட அனுமதி கேட்டார். நூல் அனுமதிக்கு உரிய அதிகாரியான அன்போசி மறுத்தார். விசாரணை மன்றத்தின் ஒலிவியெரி என்ற துறவி புதிய சான்றுகளை எடுத்துக்காட்டிச் செட்டலேயை ஆதரித்தார். அதே ஆண்டு அனுமதி கிடைத்தது. இத்தகைய நூல்கள் அனைத்துக்கும் 1822-இல் அனுமதி தரப்பட்டது. 1835-இல் வெளியான பட்டியலில் கோப்பர்நிக்கஸ், கெப்ளர், கலிலியோ ஆகியோரின் நூல்கள் இடம்பெறவில்லை.

மூன்றே ஆண்டுகளில், 1838-இல், டைக்கோ தேடிய இடமாறு தோற்றத்தைப் பிரஷ்யாவின் பெசல் அளந்தார். அன்ன விண்மீன் கூட்டத்தின் 61-ஆம் எண் விண்மீனுக்கு அது சுமார் 0.3 விகலை. ஒரு செ.மீ. அகலமுள்ள சட்டைப் பொத்தானைச் சுமார் 7 கி.மீ. தொலைவிலிருந்து பார்த்தால் தோன்றும் கோணம் இது! டைக்கோவின் கருவிகளுக்கு அகப்படாததில் வியப்பில்லை.

எதிர்த்திசைத் தவறு

1893-இல் போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ வெளியிட்ட சுற்றுமடல், அகஸ்டினின் விதியை மீண்டும் எடுத்துரைத்தது. திருமறை ஆசிரியர்கள் இயற்கையின் உள்ளமைப்பைக் கற்பிக்க எழுதவில்லை. கண்ணுக்குத் தோன்றியபடியே பேசினார்கள் என்றது அது. 1992 அக்டோபர் 31-இல் இரண்டாம் ஜான் பால், அந்நாளைய இறையியலாரைவிடத் திருமறை விளக்கத்தில் கலிலியோவே தெளிவாக இருந்தார் என்று ஒப்புக்கொண்டார்.

இத்துடன் கதை முடிந்ததா? இல்லை. திருமறையைக் கொண்டு அறிவியலை மறுப்பது ஒரு தவறு. அறிவியலைக் கொண்டு திருமறையை நிரூபிக்க முயல்வது அதற்கு நேர் எதிரான தவறு. அதைத் தடுத்தவர் ஒரு பாதிரியார்!

பெல்ஜியம் நாட்டின் ஜார்ஜ் லெமெய்த்தர் (1894–1966) 1923-இல் குருப்பட்டம் பெற்றவர். லூவேன் பல்கலைக்கழகப் பேராசிரியர். பிரபஞ்சம் விரிகிறது என்று 1927-இலும், அது ஒரே "ஆதி அணு"விலிருந்து தோன்றியிருக்கலாம் என்று 1931-இலும் எழுதினார். இன்று பெருவெடிப்புக் கொள்கை எனப்படுவதன் வித்து இதுவே. 1951 நவம்பரில் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பயஸ், நவீன அறிவியல் உலகின் படைப்புக்குச் சான்று பகர்வதாக மகிழ்ந்து பேசினார். லெமெய்த்தர் மகிழவில்லை. தம் கொள்கை ஒரு கருதுகோள், நாளை மாறலாம். அதன்மீது நம்பிக்கையைக் கட்டினால், அது சரியும்போது நம்பிக்கையும் சரியும். சமயக் கேள்விகளுக்கு வெளியே அதை நிறுத்துவதே இரண்டுக்கும் நல்லது என்று அவர் கருதினார். வாடிகன் வான்நோக்கு நிலையத்தின் இயக்குநரோடு அவர் இதுபற்றிப் பேசினார். 1952 செப்டம்பரில் ரோமில் கூடிய வானநூலாரிடையே போப்பாண்டவர் உரையாற்றியபோது அவ்வாதத்தை மீண்டும் எடுக்கவில்லை.

லெமெய்த்தர் இதில் அக்குவைனாஸின் வழியிலேயே சென்றார் எனலாம். அவர் கொள்கைக்கு ஆதரவான பின்புலக் கதிர்வீச்சு கண்டுபிடிக்கப்பட்ட செய்தி 1965-இல் வெளியாயிற்று. இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன் அவர் அதை அறிந்தார். அப்போதும் தம் கொள்கையை அவர் சமய வாதமாக்கவில்லை.

திருமறையை ஏற்பவர்களும் ஏற்காதவர்களும் இவ்வரலாற்றிலிருந்து ஒன்றைக் கற்கலாம். ஒரு நூலை மதிப்பது வேறு. அந்நூலைப் பற்றிய நம் கருத்தை மதிப்பது வேறு. 1616-இல் ரோம் காத்தது திருமறையை அன்று, திருமறைக்குத் தான் கொண்டிருந்த பொருளை. அறிவியலாரும் இதற்கு விலக்கல்லர். ஏற்றவற்றக் கொள்கையில் கலிலியோ காத்ததும் இயற்கையை அன்று, இயற்கையைப் பற்றிய தம் கருத்தையே. அவருக்கு எதிராக நாளுக்கு இரண்டு முறை கடல் சான்று சொல்லிக்கொண்டிருந்தது.

நிரூபணம் கேட்பது அறிவின் கடமை. நிரூபணம் வரும்வரை தேடுவோரைத் தேடவிடுவதும் அதே அறிவின் கடமையே. முதலாவதைப் பெல்லார்மின் நன்கு அறிந்திருந்தார். இரண்டாவதை உணரத் திருச்சபைக்கு 200 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.